"மொதல்ல பேர் வாங்கு, அப்புறம் சேவை செய்" என்கிறாள் தோழி

கேள்வி:

"அக்கா, எனக்கு 26 வயது. வீடு காசிமேடு, அம்மா அங்கே மீன் விற்கிறார். மண்ணடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறேன். மூன்று குறும்படங்களிலும் இரண்டு சீரியல்களிலும் நடித்திருக்கிறேன். சீரியலில் கதாநாயகியின் தோழியாக வந்து நான்கு வரி பேசுவேன், அவ்வளவுதான். நான்கு வருஷமாக எங்கள் மொட்டை மாடியில் 23 பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ட்யூஷன் எடுக்கிறேன். இப்போது அவர்களுடைய அம்மாக்களும் வந்து வீட்டுப் பிரச்சினையை எல்லாம் சொல்லி அழுகிறார்கள். கல்லூரியில் இந்தி நடிகை ஷபானா ஆஸ்மியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அன்றிலிருந்து அவரைப் போல நடிப்பு, சேவை இரண்டும் வேண்டும் என்று ஆசை. 'மொதல்ல பேர் வாங்கு, அப்புறம் சேவை செய்' என்கிறாள் தோழி. ஒரு யூடியூப் சேனல்காரர், ட்யூஷனைப் படம் எடுத்துப் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்கிறார். பிள்ளைகளுக்கு நான் பையும் நோட்டும் கொடுப்பது போல எடுக்க வேண்டுமாம். 'ப்ரொமோஷன்' செலவுக்கு 40,000 ரூபாய் வேண்டுமாம். என் பெயரில் டிரஸ்ட் பதிவு செய்யவும் சொல்கிறார். நைனா விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில்தான் இருக்கிறார், தினமும் சண்டை. 'கூத்தாடிப் பொழப்பு நமக்கு வேணாம்' என்கிறார். நான் என்ன செய்வது? இன்னொன்று: ஆடிஷனில் ஊர் கேட்டால் அண்ணா நகர் என்று சொல்லச் சொல்கிறார்கள். சொல்லலாமா?"

பதில்:

அந்த 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதை எல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடிக்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பதுதான் சினிமாவில் வழக்கம். நடிக்க வருகிறவரிடம் கை நீட்டுகிறவர் சினிமாக்காரர் இல்லை, வேறு ஏதோ வியாபாரம் செய்கிறவர்.

இனி உங்கள் தோழிக்கு வருவோம். அவர் சொல்வதைச் சட்டென்று தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் வருஷக் கணக்கு அவர் பக்கம்தான் இருக்கிறது. ஷபானா ஆஸ்மி ஷியாம் பெனகலின் 'அங்குர்' படத்தில் அறிமுகமானது 1974-ல். முதல் படத்துக்கே தேசிய விருது. மும்பையில் குடிசைவாசிகளுக்காக அவர் உண்ணாவிரதம் உட்கார்ந்தது 1986-ல். நடுவில் பன்னிரண்டு வருஷம். அதற்குள் 'அர்த்', 'கந்தர்', 'பார்' என்று தொடர்ந்து மூன்று வருஷம் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கிவிட்டார். ஆக, பேர் வாங்கினார், அப்புறம் சேவைக்கு வந்தார். பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

ஆனால் கதை 1974-ல் தொடங்கவில்லை. அவர் பிறந்தது 1950-ல். அப்பா கைஃபி ஆஸ்மி உருதுக் கவிஞர், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அம்மா ஷௌகத் நாடக நடிகை. சின்ன வயதில் அவர்கள் இருந்தது மும்பையில் 'ரெட் ஃபிளாக் ஹால்' என்ற கட்சிக் குடியிருப்பில். குடும்பத்துக்கு ஓர் அறை. எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே குளியலறை, ஒரே கழிப்பறை. உங்கள் பக்கத்து ஹவுசிங் போர்டில் காலையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீடு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஷபானா பேர் வாங்கிய பிறகு கற்றுக்கொள்ளவில்லை.

அந்தப் பன்னிரண்டு வருஷமும் சேவைக்கு முந்தைய காத்திருப்பு என்று நான் நினைக்கவில்லை. அவர் ஏற்ற வேஷங்களைப் பாருங்கள். 'அங்குர்' படத்தில் கிராமத்து வேலைக்காரி லட்சுமி. நகரத்தில் வளர்ந்து, கல்லூரி முடித்து, புனே திரைப்படக் கல்லூரியில் பயிற்சி எடுத்த பெண்ணுக்குக் குத்துக்காலிட்டு உட்காரவே வரவில்லை. மற்ற நடிகர்கள் மேசையில் சாப்பிட, இவரை மட்டும் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாராம் பெனகல். உடம்பு பழகும்வரை அப்படித்தான். இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அவர் பாடுபட்டுக் கற்றுக்கொண்டதை நீங்கள் உங்கள் அம்மாவிடம் சும்மாவே கற்றிருக்கிறீர்கள். மீன் கூடைக்கு முன்னால் ஒரு பெண் எப்படி உட்காருவார், பேரம் படியாதபோது எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆடிஷனில் இதைத்தான் காட்ட வேண்டும். நீங்களோ கதாநாயகியின் தோழியைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

'பார்' படம் கௌதம் கோஷ் எடுத்தது. கிராமத்தை விட்டு ஓடி வந்த கூலிக்காரத் தம்பதிக்குக் கல்கத்தாவில் வேலை கிடைக்கவில்லை. ஊர் திரும்பக் காசு வேண்டும். பன்றிக் கூட்டத்தை ஆற்றைக் கடக்க ஓட்டிக்கொண்டுபோய் விட்டால் கூலி என்கிறார்கள். கர்ப்பிணிப் பெண்ணும் கணவனும் பன்றிகளோடு ஆற்றில் இறங்குகிறார்கள். ஷபானாவும் நஸிருதீன் ஷாவும் நடித்த அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அப்படி ஒரு பெண்ணாக ஆற்றில் இறங்கிவிட்டு, அந்தப் பெண்ணின் குடிசையை இடிக்கும்போது மட்டும் வேடிக்கை பார்ப்பது எப்படி? அவர் வேஷமும் வேலையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வந்தன என்பதுதான் என் கணிப்பு. பன்னிரண்டு வருஷமும் அவர் பேரை மட்டும் சேர்த்துக்கொண்டிருக்கவில்லை.

'அர்த்' (1982) உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. கணவன் விட்டுப்போன பெண். கடைசியில் அவன் திரும்பி வரும்போது ஏற்றுக்கொள்ள மறுத்துவிடுகிறாள். படம் வந்த பிறகு முன்பின் தெரியாத பெண்கள் எல்லாம் ஷபானாவைத் தேடி வந்து சொந்த வாழ்க்கைப் பிரச்சினைக்கு வழி கேட்டார்கள். அவர் திகைத்துப்போனதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நடிகையிடம் ரசிகர்கள் கையெழுத்து கேட்பார்கள். இவர்கள் கேட்டது வேறு.

உங்கள் மொட்டை மாடிக்கும் அதுதான் வந்திருக்கிறது, ஒரு படமும் ஓடாமலேயே. அந்த அம்மாக்கள் பேசுவதைக் கேளுங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் தீர்வு சொல்கிற ஆளாக ஆகிவிடாதீர்கள். நான் மனநலச் சமூகப் பணி படித்துவிட்டு வந்தவள். எனக்கே முதல் இரண்டு வருஷம் ராத்திரி தூக்கம் வராது. இரண்டு எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்: பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு 181. அடி, உதை, பாலியல் தொந்தரவு என்று காதில் விழுந்தால் நீங்களே பஞ்சாயத்து பேசப் போகக்கூடாது. தெருவில் எல்லோரும் உறவு, நாளைக்கு உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

சரி, 1986-க்கு வருகிறேன். மும்பையின் தென்முனையில் சஞ்சய் காந்தி நகர் என்ற குடிசைப் பகுதியை இடித்துவிட்டார்கள். மாற்று இடம் கேட்டு ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனும் அந்தக் குடிசைவாசிகளும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களோடு ஷபானாவும் உட்கார்ந்தார். அந்த வருஷம் மிருணாள் சென்னின் 'ஜெனிசிஸ்' கேன் திரைப்பட விழாவுக்குப் போயிருந்தது. அதில் நாயகி இவர்தான். கேனுக்குப் போக வேண்டியவர் நடைபாதையில் பட்டினி கிடந்தார். ஐந்து நாள். கடைசியில் அரசு மாற்று நிலம் தர ஒப்புக்கொண்டது.

இதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். அவர் தன் பெயரில் எதையும் தொடங்கவில்லை. வீட்டுரிமைக்காக ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தவர்களோடு போய்ச் சேர்ந்தார். 'நிவாரா ஹக்' என்ற அந்த அமைப்போடு பல பத்து வருஷம் இருந்தார். உத்தரப் பிரதேசத்தில் ஆஸம்கர் மாவட்டத்து மிஜ்வான் கிராமத்துப் பணியும் அப்படித்தான். அது அப்பா கைஃபி பிறந்த ஊர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முடங்கிய பிறகு அவர் அங்கே திரும்பிப் போய், பெண் பிள்ளைகள் படிக்கவும் சம்பாதிக்கவும் வழி செய்யத் தொடங்கினார். மிஜ்வான் நலச் சங்கம் 1993-ல் உருவானது. 2002-ல் கைஃபி காலமான பின் மகள் அதைத் தொடர்ந்தார். அந்த ஊர்ப் பெண்கள் போடும் சிக்கன்காரி எம்பிராய்டரி இன்று மும்பை ஃபேஷன் மேடை வரை போகிறது. புகழ் உதவியது இந்த இடத்தில்தான், மறுக்கவில்லை. ஊசி பிடித்தவர்கள் முன்பே இருந்தார்கள், இவர் போய் மேடையைக் கொண்டுவந்தார்.

மாநிலங்களவை நியமன உறுப்பினர் (1997-2003), ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் நல்லெண்ணத் தூதர் (1998) என்ற பதவிகள் எல்லாம் உங்கள் கட்டுரையில் இருந்திருக்கும். அவை பின்னால் வந்தவை, விடுங்கள்.

அதனால் டிரஸ்ட் இப்போது வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவு செய்வது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகுதான் தலைவலி ஆரம்பம்: தனி பான் அட்டை, வங்கிக் கணக்கு, வருஷா வருஷம் தணிக்கை, வருமான வரித் துறையில் வரிவிலக்குக்கான பதிவு. சங்கமாகப் பதிவு செய்வதென்றால் 1975-ஆம் வருஷத் தமிழ்நாடு சட்டப்படி ஏழு பேர் வேண்டும். 23 பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர இதில் எதுவும் தேவையில்லை, ஒரு கரும்பலகையும் மழைக்கு ஒரு தார்ப்பாயும் போதும். வெளியில் பணம் வாங்க ஆரம்பித்தால்தான் கணக்குக் காட்ட வேண்டும். அதுவரை வாங்காதீர்கள். பிள்ளைகள் படிக்கிற பள்ளியின் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்கள் தெரு அம்மாக்கள் யாராவது இருப்பார்கள். வியாசர்பாடியில் கால்பந்து சொல்லிக்கொடுத்தே பிள்ளைகளைப் படிப்பில் நிறுத்தி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பஸ் காசுதான் செலவு.

இப்போது அந்த வீடியோ. இதற்கு நான் என் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்காக உங்கள் பகுதிக்கு வந்தவள் நான். அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஊழியர், உங்கள் வயதுதான். ஒரு நாள் போர்வை கொடுத்தோம். ஏழு வயதுப் பையன் ஒருவன் போர்வையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். நான்தான் படம் எடுத்தேன். நல்ல படம், எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த வருஷக் காலண்டரில் முதல் பக்கத்தில் போட்டார்கள். காலண்டரை எங்கெங்கோ அனுப்பினார்கள், அவன் படிக்கிற பள்ளிக்கும் ஒன்று போனது. தலைமை ஆசிரியர் அறையில் மாட்டியிருந்தார்கள். பையன்கள் அவனுக்கு 'போர்வை' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவன் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தான். அவன் அம்மா எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். "எம் புள்ளைய பிச்சக்காரன் மாரி மாட்டி வச்சிக்கிறீங்களே, அவங்க அப்பன் போட்டுல போறவன்மா" என்றார். நாங்கள் கையெழுத்து வாங்கியிருந்தோம். அந்தத் தாளை நான் எடுத்துக் காட்டவில்லை. அவ்வளவு தூரம் வெட்கம் கெட்டுப்போகவில்லை.

அந்தக் கையெழுத்தைத்தான் இப்போது நீங்கள் வாங்கப் போகிறீர்கள். "அம்மாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம்" என்று சேனல்காரர் சொல்லியிருப்பார். கேட்டால் யார் மறுப்பார்கள்? நான்கு வருஷம் காசு வாங்காமல் சொல்லித்தந்தவர் கேட்கும்போது எந்த அம்மா வேண்டாம் என்பார்? கடன்பட்டவர் சொல்கிற 'சரி'யை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. அதிலும் பிள்ளைகள் நாளைக்குப் பெரியவர்களாகி வேலைக்குப் போகும்போது அந்த வீடியோ இருக்கும். காலண்டரையாவது கழற்றி எறியலாம்.

வீடியோவே கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் முகம் வேண்டாம், பை கொடுக்கிற காட்சி வேண்டாம். பின்னம் கணக்கை நீங்கள் சொல்லித்தருகிற விதத்தைப் போடுங்கள். உங்கள் குரல், கை, கரும்பலகை போதும். அதை உங்கள் செல்போனிலேயே எடுக்கலாம், 40,000 ரூபாய் மிச்சம்.

தோழியின் வாதத்துக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது, அது நம் ஊரிலேயே இருக்கிறது. நடிகை ரேவதி 1983-ல் 'மண்வாசனை'யில் வந்தவர். இயக்குநரானபோது அவர் எடுத்த இந்திப் படம் 'ஃபிர் மிலேங்கே' (2004), எச்.ஐ.வி. இருக்கிறது என்று வேலையை விட்டு அனுப்பப்பட்ட பெண் வழக்குப் போடும் கதை. நோட்டுப் புத்தகம் கொடுப்பது மட்டும் சேவை இல்லையே. எந்தக் கதையைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பதும் அதில் சேரும். காசிமேட்டில் அதற்குக் கதைப் பஞ்சமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி வலையெல்லாம் வீணானது. நகருக்குள்ளிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்த்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு பாதியில் நின்றது. அடுத்த குறும்படத்தை யாராவது பேய்க் கதையாக எடுக்கக் கூப்பிட்டால், போய் நடியுங்கள், ஆனால் இதையும் அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஷபானாவோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள். கவிஞரின் மகள், நடிகையின் மகள், திரைப்படக் கல்லூரி மாணவி என்ற மூன்று கதவுகள் அவருக்குத் திறந்திருந்தன. உங்களுக்கு மண்ணடிச் சம்பளம்தான் கதவு. அதை விட்டுவிடாதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் சேரும்வரை வேலையில் இருந்துகொண்டே நடியுங்கள். சீரியலில் பேட்டா அன்றன்றைக்கு வந்தாலும் சம்பளம் எப்போது வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

நைனா. அந்த உண்ணாவிரதத்தின்போது ஷபானாவின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா பதறிக்கொண்டிருந்தார். வெளியூரில் இருந்த அப்பா கைஃபியோ மகளுக்கு வாழ்த்துச் சொல்லித் தந்தி அடித்தார், தோழர் என்று விளித்து. இந்தக் கதையை நைனாவிடம் சொல்லிவிடாதீர்கள். "அந்த அப்பா அப்படி இருந்தாரு, நீ இப்படி இருக்கியே" என்று கேட்டால், மிச்சத் தடைக்காலமும் வீட்டில் புயல்தான்.

அவர் பயத்தையும் அலட்சியமாக எண்ண வேண்டாம். மலையாள சினிமாவில் பெண்கள் படுகிற பாட்டைப் பற்றி 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கை செய்தியை அவரும் டிவியில் பார்த்திருப்பார். 'கூத்தாடிப் பொழப்பு' என்று அவர் சொல்வதில் பாதி சாதி, அந்தஸ்துப் பேச்சு. அதை உங்களால் ஒரு மாதத்தில் மாற்ற முடியாது. மீதி பாதி, ராத்திரி பத்து மணிக்கு மகள் எங்கே இருக்கிறாள் என்ற கேள்வி. அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. ஒவ்வொரு ஷூட்டிங்குக்கும் இடம், கோ-ஆர்டினேட்டர் பெயர், போன் எண், திரும்பும் நேரம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். ராத்திரி முடிந்தால் வண்டி யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. படப்பிடிப்பும் வேலை செய்கிற இடம்தான். "உங்க யூனிட்ல கமிட்டி இருக்கா?" என்று கேளுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை. எப்படி முறைக்கிறார்கள் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பேச்சை வீட்டில் வைக்க வேண்டாம். அம்மா ஒரு பக்கம், பாட்டி ஒரு பக்கம் என்று ஆகிவிடும். தடைக்காலத்தில் ஆண்கள் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டுதானே இருப்பார்கள். டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கை வேலையாக இருக்கும்போது ஆண்களுக்குக் கோபம் கொஞ்சம் குறைவாக வரும், இது என் இருபது வருஷ அனுபவம், எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு நாள் அவரையே ஷூட்டிங்குக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் வடபழனி. நாள் முழுக்கக் காத்திருந்து நான்கு வரி பேசுகிற வேலை என்று பார்த்தால், கூத்தடிக்கிறார்கள் என்று நினைக்க மாட்டார். கடலில் வலையை விட்டுவிட்டு விடிய விடியக் காத்திருந்தவருக்கு அது புரியும். ஜூன் 14 வரைக்கும் அவர் கரையில்தான். அதற்குள் பேசிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, ஊர்ப் பெயர். காசிமேடு என்றே சொல்லுங்கள். அடுத்ததாக "வஞ்சிரம் இப்ப என்ன விலை?" என்று கேட்பார்கள். எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்பேன். அன்றைய விலையைச் சொல்லிவிட்டு, உங்கள் அம்மா சொல்கிற மாதிரியே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள்.